எரிமலை படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

கேள்வி: ஐயா, நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மகள் சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்திருக்கிறாள். உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு எடுத்தால் பிறகு டீச்சர் ஆகிவிடலாம் என்று அவள் அப்பா சொல்கிறார். அவளோ கணிதப்பிரிவுதான் வேண்டும், எரிமலை ஆராய்ச்சிக்குப் போவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ராத்திரியெல்லாம் போனில் எரிமலைக் காணொளிதான். கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கு நிறையக் கல். சிவப்புப் புள்ளி போட்ட கல் ஒன்றை எரிமலைக் கல் என்கிறாள். சிவனொளிபாதமலையும் ஒரு காலத்தில் எரிமலைதானாம், அதனால்தான் கூம்பாக இருக்கிறதாம். எரிமலையைப் படமெடுக்கப் போய் ஒரு புருஷனும் பெண்சாதியும் செத்துப்போன கதையையும் அவளே காட்டினாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. நம் நாட்டில் எரிமலையே கிடையாதே, இது ஒரு தொழிலா? பொம்பளைப் பிள்ளைக்குச் சரிவருமா? அவள் மனதை எப்படி மாற்றுவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உயர்தரப் பாடம் தெரிவுசெய்யும் நாள் யாருக்காகவும் காத்திருக்காது. மகள் மனதை மாற்ற வேண்டாம். கணிதப்பிரிவிலேயே சேருங்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிரிவு இல்லாவிட்டால், அல்லது பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லாவிட்டால், ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இடம் தேடுங்கள். மலையகத்தில் எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் கலைப்பிரிவுக்குப் போனது விருப்பத்தால் அல்ல, கிட்டத்தில் வேறு வழி இல்லாததால். கலைப்பிரிவு குறைந்தது என்று சொல்ல வரவில்லை. வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கதவைப் பதினாறு வயதிலேயே அடைத்துவிட்டால் பிறகு திறப்பது மிகவும் கஷ்டம்.

இனி அவளுடைய சிவனொளிபாதமலைக்கு வருகிறேன். அந்தச் சந்தேகம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நானும் தோட்டத்தில் பிறந்தவன், பண்டாரவளைப் பக்கம். சின்ன வயதில் கூம்பாக எந்த மலையைக் கண்டாலும் உள்ளே நெருப்பு இருக்கிறது என்றுதான் நினைத்தேன். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதம் எரிமலை அல்ல, எப்போதும் எரிமலையாக இருந்ததும் இல்லை. எரிமலை என்பது உள்ளிருந்து வருகிற குழம்பும் சாம்பலும் மேலே மேலே படிந்து வளர்கிற மலை. சிவனொளிபாதம் அதற்கு நேர்மாறு. சுற்றியிருந்த பாறையையெல்லாம் மழையும் ஆறும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அரித்துக்கொண்டு போக, தாக்குப்பிடித்து மிஞ்சி நிற்கிற பாறை அது.

ஆனால் அவள் மூக்கு முழுக்கத் தவறாகவும் மோப்பம் பிடிக்கவில்லை. நம் மலைநாட்டுக் கருங்கல் நெருப்பைப் பார்த்த கல்தான். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னால், இலங்கை, இந்தியா, மடகஸ்கார், அன்டார்ட்டிக்கா எல்லாம் மோதி ஒரே நிலமாகச் சேர்ந்த காலத்தில், இந்தப் பாறைகள் பூமிக்குள் 20, 30 கிலோமீற்றர் ஆழத்தில் கிடந்தன. 800, 900 பாகை செல்சியஸ் சூட்டில் வெந்து, நசுங்கி, வேறு பாறைகளாக மாறின. உருமாறிய பாறை என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பாள். அவள் சாக்கில் உள்ள சிவப்புப் புள்ளிக் கல்லை நான் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் அப்படிக் கிடைப்பது பெரும்பாலும் கார்னெட் மணிகள் பதிந்த பாறைதான். நான் சொன்ன அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிறந்த மணிகள் அவை. எரிமலைக் கல் இல்லை என்று தெரிந்ததும் முகம் வாடும். எரிமலை அடிவாரத்தில் வேலை செய்கிறவர்கள் கண்ணால் காணவே முடியாத ஆழத்துப் பாறையை அவள் கையில் வைத்திருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

நம் நாட்டில் ஏன் எரிமலை இல்லை? பூமியின் மேல் ஓடு பெரிய பெரிய பாறைத் தட்டுகளாகப் பிரிந்திருக்கிறது. நாமும் இந்தியாவும் ஒரே பெரிய தட்டின்மேல் இருக்கிறோம், அதன் ஓரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே. எரிமலைகள் பெரும்பாலும் தட்டுகளின் ஓரங்களில்தான் வரும். அந்த ஓரம் கிழக்கே சுமாத்திராவுக்கும் ஜாவாவுக்கும் கீழே புதைந்து போகிறது, அதனால்தான் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 130 உயிருள்ள எரிமலைகள். 2004 சுனாமியும் அதே ஓரத்தில் பிறந்ததுதான். 1883 ஆகஸ்டில் அங்கே கிரகத்தோவா வெடித்தபோது 36,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் கடல் அலை நம் கிழக்குக் கரைக்கும் வந்தது, பாணமையில் ஒரு பெண் இறந்ததாகப் பதிவு உண்டு. அடுத்த மாதம் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது, வானத்தில் பரவிய சாம்பலாலும் வாயுவாலும். மலையில் கோப்பி அழிந்து தேயிலை வந்துகொண்டிருந்த காலம் அது. அன்று நம் முன்னோர் யாராவது ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பச்சைச் சூரியனை அண்ணாந்து பார்த்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். எரிமலை இல்லாத நாட்டுக்கும் எரிமலை வந்து சேரும்.

சரி, இது ஒரு தொழிலா? ஆம். எரிமலையை ஆராய்கிறவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் நாளெல்லாம் குழம்பின் பக்கத்தில் நிற்பதில்லை. மலைக்குள் குழம்பு நகரும்போது சின்னச் சின்ன நடுக்கங்கள் வரும், அவற்றை நடுக்கமானி பதிவுசெய்யும். மலையின் வயிறு கொஞ்சம் உப்பும், அதைச் சரிவுமானியாலும் செய்மதியாலும் மில்லிமீற்றர் கணக்கில் அளப்பார்கள். கந்தக வாயு கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். 1841இல் இத்தாலியில் வெசூவியஸ் சரிவில் கட்டிய கண்காணிப்பு நிலையம்தான் இந்த வகையில் முதலாவது. இன்று ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், நியூசிலாந்து எல்லாவற்றிலும் அரசாங்கச் சம்பளத்தில் இதே வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விஞ்ஞானிகள் மட்டும் என்றும் நினைக்காதீர்கள். ஜாவாவின் கிழக்கே ஈஜென் என்ற எரிமலை வாய்க்குள் இறங்கி, 70, 80 கிலோ கந்தகத்தைக் கூடையில் கட்டித் தோளில் சுமந்து ஏறுகிறவர்கள் உண்டு. கொழுந்து சுமந்த உங்கள் தோளுக்கு அந்தப் பாரம் நான் சொல்லாமலே விளங்கும்.

இவர்களில் ஒருவரைப் பற்றி மகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெயர் மிமாட்சு மசாவோ. ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில் ஒரு சின்ன ஊரின் தபாலதிபர். 1943 டிசம்பரில் அங்கே நிலம் நடுங்கத் தொடங்கியது. பிறகு கோதுமை வயல் மெல்ல மெல்ல மேலே எழும்பியது. அடுத்த ஆண்டு வெடித்துப் புகையும் சாம்பலும் கக்கியது. உலகப்போர் உச்சத்தில் இருந்த நேரம். விஞ்ஞானிகளால் அங்கே தங்கி ஆராய முடியவில்லை, படச்சுருளும் கிடைப்பதில்லை. மிமாட்சு என்ன செய்தார் தெரியுமா? தபால் கந்தோருக்குப் பின்னால் தாடையை வைப்பதற்கு ஓர் இடம் அமைத்தார். கண் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக. எதிரே கம்பு நட்டுக் குறுக்கே நூல் கட்டினார். அந்த நூல்களுக்கூடாகப் பார்த்து, மலை இன்று எந்த நூல்வரை எழும்பியிருக்கிறது என்று காகிதத்தில் கோடு இழுத்தார். 1945 செப்டம்பரில் மலை வளர்வது நிற்கும்வரை இதைச் செய்துகொண்டே இருந்தார். வயல் இருந்த இடத்தில் இன்று ஷோவா-ஷின்சான் என்ற மலை நிற்கிறது, கடல் மட்டத்திலிருந்து 398 மீற்றர். 1948இல் ஒஸ்லோவில் நடந்த உலக மாநாட்டில் அவருடைய வரைபடத்தைக் காட்டியபோது அறிஞர்கள் வியந்தார்கள், இன்றும் அது மிமாட்சு வரைபடம் என்றே அழைக்கப்படுகிறது. அந்த மலையைப் பாதுகாக்க வேண்டும் என்று நிலத்தைச் சொந்தக் காசில் வாங்கினார். ஒரு தபாலதிபர்! நூலும் கம்பும் பொறுமையும்தான் அவருடைய ஆய்வுகூடம்.

நான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எரிமலையில் மனதைக் கொடுத்தவர்கள் உண்மையில் கற்றுக்கொள்வது, ஒரு மலை மாறுவதை நாள்தோறும் கவனித்து, எதையும் விடாமல் குறித்துவைத்து, நேரம் இருக்கும்போதே கீழே உள்ளவர்களிடம் சொல்வது. நம் மலைகளுக்கு இதைவிடத் தேவையான படிப்பு எனக்குத் தெரியவில்லை.

கொலம்பியாவில் ஆர்மேரோ என்று ஓர் ஊர் இருந்தது. 1985 நவம்பர் 13 இரவு, ஆற்றுவழியில் 70 கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருந்த ருயிஸ் எரிமலை வெடித்து உச்சிப் பனியை உருக்கியது. அந்த நீர் மண்ணையும் கல்லையும் அள்ளிக்கொண்டு ஆற்றுவழியே இறங்கி வந்து ஊரை மூடியது. ஏறத்தாழ 23,000 பேர். நெருப்பு அவர்களைத் தொடவே இல்லை, கொன்றது சேறு. அந்தச் சேறு எந்த வழியாக வரும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராக இருந்தது. அது மக்களை நகர்த்தவில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை மண்சரிவில் லயங்கள், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், மண்ணுக்குள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்பதும் முன்பே சொல்லப்பட்டிருந்த விஷயம்தான். பிறகொரு நாள் அந்தச் சரிவின் மேல் விளிம்பில் நான் என் மண்சரிவு ஆய்வு வேலைக்காக நின்றபோது, கையிலிருந்த வரைபடத்தைப் பார்க்க முடியவில்லை. ஆர்மேரோதான் ஞாபகத்துக்கு வந்தது.

அதே படிப்பு உயிர்களைக் காப்பாற்றிய கதையும் உண்டு, உங்கள் பயத்துக்குப் பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. மகள் காட்டிய அந்தத் தம்பதி மோரிஸ் கிராஃப்ட், கத்தியா கிராஃப்ட். பிரான்ஸ் நாட்டவர்கள், உலகம் முழுக்க எரிமலைகளைத் தேடித்தேடிப் படமெடுத்தவர்கள். 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையிலிருந்து சுடுசாம்பலும் வாயுவும் கலந்த முகில் ஒன்று கீழே உருண்டு வந்தது. அதில் 43 பேர் இறந்தார்கள், அந்த இருவரும் அவர்களில் அடக்கம். எரிமலைகள் எப்படிக் கொல்கின்றன என்று மக்களுக்குக் காட்டுவதற்காக அவர்கள் அதற்குச் சற்று முன்னர்தான் ஒரு காணொளிக்கு உழைத்திருந்தார்கள். பிலிப்பைன்ஸில் பினதுபோ மலை விழித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அங்கிருந்த விஞ்ஞானிகள் அதிகாரிகளுக்கும் ஊர்மக்களுக்கும் அந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். எச்சரிக்கையை நம்பாதவர்கள் பலர் அதைப் பார்த்து நம்பினார்கள், பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். ஜூன் 15 அன்று, கிராஃப்ட் தம்பதி இறந்து பன்னிரண்டாம் நாள், பினதுபோ வெடித்தது. கடந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் அது ஒன்று. முன்கூட்டியே நகர்த்தியதால் குறைந்தது 5,000 உயிர்களாவது தப்பியிருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆபத்து இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். கிராஃப்ட் தம்பதி மிக நெருங்கிப் போனார்கள், அது அவர்களாகத் தெரிந்தெடுத்த வழி. இன்று படிப்பிக்கிறவர்கள் அந்த வழியை மாணவர்களுக்குக் காட்டுவதில்லை. தூரத்திலிருந்தே அளக்கும் கருவிகள் வந்துவிட்டன, யார் எப்போது மேலே போகலாம் என்பதற்குக் கட்டுப்பாடுகளும் இருக்கின்றன. நம் ஊரில் மழைநாளில் வழுக்குப் பாறையில், குளவிக்கூட்டுக்குக் கீழே நின்று கொழுந்து பறிக்கிற உங்கள் வேலையைவிட அது எப்போதும் ஆபத்தானது என்று நான் நினைக்கவில்லை.

பொம்பளைப் பிள்ளைக்குச் சரிவருமா என்று கேட்டீர்கள். கொலம்பியாவில் மார்த்தா கல்வாச்சே என்றொரு பெண் இருக்கிறார். ருயிஸ் வெடித்த காலத்திலேயே அங்கே வேலை செய்தவர். 1993 ஜனவரியில் கலேராஸ் எரிமலை திடீரென்று வெடித்து, வாய்க்குள்ளும் விளிம்பிலும் நின்ற விஞ்ஞானிகளில் ஆறு பேரும் பயணிகள் மூவரும் இறந்தார்கள். மலை இன்னும் அடங்காத நேரத்தில், கால் எலும்பு முறிந்து கிடந்த ஒரு விஞ்ஞானியைத் தேடி மேலே போய் மீட்டெடுத்தவர்கள் மார்த்தாவும் பெட்ரிசியா மொத்தெஸ் என்ற இன்னொரு பெண்ணும்தான். இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

இப்போது வழி. உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல். பிறகு பேராதனைப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியல் துறை இருக்கிறது, நான் படித்ததும் அங்கேதான். மொரட்டுவையில் புவிவளப் பொறியியல் உண்டு. இரண்டில் எதில் அனுமதி கிடைத்தாலும் படிப்புக்குக் கட்டணம் இல்லை, மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். படிப்பிப்பது ஆங்கிலத்தில், அதனால் இப்போதிருந்தே ஆங்கிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிக்கச் சொல்லுங்கள். அவள் பார்க்கிற எரிமலைக் காணொளிகளையே அதற்குப் பயன்படுத்தலாம், போனைப் பிடுங்க வேண்டாம். எரிமலையை மட்டும் தனியாகப் படிப்பது முதல் பட்டத்துக்குப் பிறகுதான், அதற்கு வெளிநாடு போக வேண்டும். ஜப்பானிய அரசு நம் பட்டதாரிகளுக்கு முழுப் புலமைப்பரிசில் கொடுக்கிறது.

போக முடியாமல் போனால்? அவள் அப்பா கேட்பது அதுதான், நியாயமான கேள்வி. எனக்கு அப்படித்தான் நடந்தது. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஒருவர் தண்ணீரில் மிதக்கிற எரிமலைக் கல்லை வாளியில் போட்டுக் காட்டிய நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஆனால் பட்டம் முடிந்த வருடம் அப்பா படுத்துவிட்டார், தம்பி தங்கை படித்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்த வேலை மண்சரிவு ஆய்வு, எடுத்துக்கொண்டேன். முதல் இரண்டு வருடம் மனது வலித்தது. பிறகு ஒரு நாள் சரிவுமானியை நிலத்தில் பதிக்கும்போது, எரிமலைக்காரர்கள் வைக்கிற அதே கருவிதானே என்று தோன்றியது. அன்றோடு அந்த வலி போயிற்று. பல வருடம் கழித்து ஒரு பயிற்சிக்காக இந்தோனேசியாவின் பண்டுங் போனேன். தங்குபான் பெராகு எரிமலைக்கு ஏறுகிற வழியெல்லாம் தேயிலை! நம் அக்காமார் மாதிரியே பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேலே போனதும் அழுகிய முட்டை வாசம், வாய்க்குள்ளிருந்து வெள்ளைப் புகை. விளிம்பில் நின்று அழுதேன். வெட்கப்படவில்லை.

ஆக, புவிச்சரிதவியல் படித்தவளுக்கு இந்த நாட்டிலும் வேலை உண்டு. மண்சரிவைக் கண்காணிக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம், புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், போகலையிலும் கஹட்டகஹவிலும் உள்ள காரீயச் சுரங்கங்கள், குழாய்க்கிணறு, அணைக்கட்டு, நீர்மின் சுரங்கம் வெட்டும் வேலைகள். பல்லேகலையில் ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையம் இருக்கிறது, உலக வலையமைப்பில் ஒன்று. ஜாவாவில் பூமி பெரிதாக ஆடினால் நம் கண்டிக்குப் பக்கத்தில் கோடு விழும்.

மகள் இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பக்கம் நேராக உள்ள பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து, புனல் மாதிரி அதற்குள்ளேயே வைக்க வேண்டும். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருந்தால் கூழாங்கல் போட்டு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து அடிமட்டம் ஒட்ட வேண்டும். மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் எத்தனை மில்லிமீற்றர் மழை என்று கொப்பியில் எழுதட்டும். 24 மணி நேரத்தில் 75 தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினால் ஆபத்தான சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும் என்பது நம் நாட்டில் பயன்படுத்தும் அளவு. ஒரு மணி நேரத்திலேயே 75 விழுந்தாலும் வெளியேற வேண்டும். லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டில் வெடிப்பு இருந்தால் அதன் இரு பக்கமும் கம்பு அடித்து, இடைவெளியை வாரம் ஒருமுறை அளக்கட்டும். அடைமழை நேரத்தில் மட்டும் அங்கே போகக்கூடாது. இடைவெளி கூடினால், மரமோ வேலிக்கம்பமோ சாய்ந்தால், ஊற்று திடீரென்று கலங்கினால், கிராம சேவகருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் அன்றே சொல்லுங்கள். நீங்கள் வீட்டைவிட்டு வெளியேற யாருடைய பதிலுக்கும் காத்திருக்க வேண்டாம்.

ஆறு மாதம் எழுதிய பிறகு அந்தக் கொப்பியை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். நான் வரி வரியாகப் படித்துப் பதில் எழுதுவேன். அப்பாவிடமும் அதைக் காட்டுங்கள், அவருக்கே மனது மாறும் என்று நம்புகிறேன்.

அந்தச் சிவப்புப் புள்ளிக் கல்லை உடைத்து உள்ளே பார்க்க ஆசைப்படுவாள். உடைக்கட்டும். கண்ணுக்குக் கட்டாயம் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.